முள்ளனுக்கு ஊற்றிய தண்ணீர்

விடிகாலை சுபஹுத் தொழுகை முடிந்து ஹோலுக்கு வந்தபோது எங்கள் வீட்டுக்காரர் மீன்தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. தேத்தண்ணீர் கேட்கவில்லை. அந்த மனிதர் தேத்தண்ணீர் கேட்காமல் ஒரு நாளைத் தொடங்குகிறார் என்றால் வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம்.

கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். தொட்டியின் அடியில் வெள்ளை மணலுக்கு மேலே முள் உதிர்ந்து கிடந்தது. விளக்குமாற்று ஈர்க்கைச் சின்னச் சின்னதாக ஒடித்துப் போட்டது போல இருந்தது.

"எதுட முள்ளு?" என்று கேட்டேன்.

"பெரியவன்ட."

"செத்துப்போகுமா?"

"முள்ளு விழத் தொடங்கினா நல்லதுக்கில்ல புள்ள" என்றார்.

அவர் குரலில் கவலை இருந்தது. ஆனால் அந்தக் கவலைக்கு அடியில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. என்னைப் பயப்படுத்தியது அந்தச் சந்தோஷம்தான்.

ஒரு கடல் முள்ளெலி முள் உதிர்ப்பதில் ஒரு மனிதனுக்கு என்ன சந்தோஷம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல வேண்டும் என்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். போன வாரம் இந்தப் பத்தியில் என் தையல் மெஷினைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "முள்ளன் வளத்த கதையை எப்ப எழுதப் போறீங்க?" என்று இரண்டு வாசகர்கள் கேட்டார்கள். இரண்டு பேரும் எங்கள் சொந்தக்காரர்கள். இருந்தால் என்ன, வாசகர் வாசகர்தானே.

தோடம்பழத்துக்குப் பதிலாக

நாட்டில் சண்டை முடிந்து, கடலுக்குப் போகப் பாஸ் எடுக்கிற தொல்லையெல்லாம் ஓய்ந்திருந்த காலம். கற்பிட்டிப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் பெரிய பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு கடலுக்கு மேலே பறக்க வந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் நிஸ்தார் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அதே கடலுக்குக் கீழே போய் வந்தார். கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற அழகு மீன், நட்சத்திர மீன், கடல் முள்ளெலி எல்லாவற்றையும் உயிரோடு பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒருவருக்காக அந்த வேலை.

ஒருநாள் ஆழத்தில் அதிக நேரம் நின்றுவிட்டு அவசரமாக மேலே வந்திருக்கிறார். அப்படி வந்தால் இரத்தத்துக்குள் காற்றுக் குமிழி கட்டிக்கொள்ளுமாம். படகில் ஏறியவருக்குக் கால்களில் உணர்வே இல்லை. ஆஸ்பத்திரியில் நீண்ட நாள் கிடந்து, அல்லாஹ்வின் கிருபையால் ஊன்றுகோலோடு நடந்து வந்தார். "இனி ஒருதரம் ஆழத்துக்கு இறங்கினால் சக்கரக் கதிரைதான்" என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

டொக்டர் சொன்னது எனக்குக் கேட்டது. என் மாமிக்குக் கேட்டது. கேட்க வேண்டியவருக்கு மட்டும் கேட்கவில்லை. பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம், "கால் கொஞ்சம் சரியாகட்டும், அடுத்த சீசனுக்குப் பாப்பம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் தோடம்பழம் கொண்டு வருவார்கள், பால்மா கொண்டு வருவார்கள். இவருடைய கூட்டாளிகள் ஒரு பழைய கண்ணாடித் தொட்டியும் காற்று ஊதுகிற ஒரு சின்ன மோட்டரும் ஒரு வாளியும் கொண்டு வந்தார்கள். வாளிக்குள் மூன்று கடல் முள்ளெலிகள். நிறம் மங்கிப்போய் வாங்க ஆளில்லாமல் கிடந்தவையாம். நீளமான கறுத்த முள் உள்ள ஆபத்தான சாதி இல்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற, குட்டை முள் வைத்த, ஊதாவும் வெள்ளையுமான உருண்டைகள்.

புத்தகத்தில் கடல் முள்ளெலி என்று எழுதுவார்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கே அது முள்ளன் ஆகிவிட்டது. பெரியவன், நடுவான், குட்டி என்று பெயரும் வைத்தாயிற்று.

"இதை வச்சு என்ன செய்யுற?" என்று கேட்டேன்.

"பாத்துக்கொண்டு இரிக்கிறது."

"செத்துப்போனா?"

"செத்தா என்ன? நானே இறங்கி வேற எடுத்துட்டு வாறன்."

வாய்தவறி வந்த பேச்சில்லை அது. மனதில் இருந்ததுதான் வந்தது. ஒவ்வொரு முள்ளன் சாகும்போதும் இவருக்குக் கடலில் இறங்க ஒரு சாட்டு கிடைத்துவிடும்.

நானும் விடவில்லை. "அப்ப சாகாட்டி இறங்க மாட்டீங்களா?" என்று பிடித்துக்கொண்டேன்.

மனிதர் சிரித்தார். "வீட்டுத் தொட்டியில முள்ளன் வளக்குறது கோழி வளக்குற மாதிரி இல்ல. தண்ணி கொஞ்சம் மாறினாலும் போயிடும். சரி, கேளுங்க. கச்சான் காத்து அடிச்சு ஓய்ஞ்சு கடல் தெளியுற வரைக்கும் மூணும் உசிரோட நிண்டா, என்ட சுழியோடுற மாஸ்க்கைப் பொடியன்மாருக்குக் குடுத்துடுறன். ஒண்டு குறைஞ்சாலும் இறங்குவன். அதுக்குப் பிறகு அழப்படாது."

"சொல்லுன்னா சொல்லுத்தான்?"

"சொல்லுன்னா சொல்லு."

குசினி வாசலில் தஸ்பீஹ் மணிமாலையை உருட்டிக்கொண்டு மாமி நின்றிருந்தார். மணி உருள்வது நின்றுவிட்டிருந்தது.

மாமியும் கடலும்

மாமி என்றால் இவருடைய உம்மா. கரைத்தீவில் தன் வீட்டில் இருந்தவர். மகன் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்று ஒரு பையில் இரண்டு சேலையோடு தில்லையடிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நான் புத்தளத்து உப்பளத்துக்காரர் மகள். மாமியின் ஆட்கள் மன்னாரில் இருந்து வந்தவர்கள். வடக்கை விட்டு முஸ்லிம்கள் எல்லாரையும் போகச் சொன்ன அந்த வருடம், மழைக்குள் படகில் ஏறி, மடியில் இவரை வைத்துக்கொண்டு கற்பிட்டிக்கு வந்து இறங்கியவர்.

அந்தப் பயணத்தைப் பற்றி மாமி அதிகம் பேசமாட்டார். ஒருமுறை மட்டும், மீன் கழுவிக்கொண்டிருந்தபோது, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"அந்தக் கடல் என்ட புள்ளைய ஒருதரம் விட்டுத் தந்திச்சு. இப்ப ரெண்டாம் தரமும் விட்டிரிக்கு. மூணாம் தரம் கேக்க எனக்கு முகம் இல்ல புள்ள."

கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் உரிக்கிறதாகச் சாட்டுச் சொல்ல அன்றைக்குக் கறிக்கு வெங்காயமும் இருக்கவில்லை.

மாமி நாள்தோறும் காலையில் குர்ஆன் ஓதி ஊதிய தண்ணீரை ஒரு கண்ணாடிக் கோப்பையில் மூடி, மகனின் கதிரைக்குப் பக்கத்தில் வைப்பார். வயிற்றுக்குக் கெடுதி என்று ஃபில்டர் தண்ணீரில்தான் ஓதுவார். மகன் தொட மாட்டார். "மருந்து குடிச்சுக் குடிச்சே வயிறு நிறைஞ்சிட்டு உம்மா. இதையும் குடிக்க ஏலா" என்பார். நம்பிக்கை இல்லாமல் இல்லை. எல்லாரும் தன்னை நோயாளியாகவே பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

மாலையானால் அந்தத் தண்ணீரைக் கண்ட இடத்தில் ஊற்றக் கூடாதே என்று கறிவேப்பிலை மரத்தடியில் ஊற்றுவேன். அந்த வருடம் எங்கள் தெருவிலேயே எங்கள் கறிவேப்பிலைதான் முதலாவது.

தொட்டிச் சட்டம்

தொட்டி வந்ததும் வீட்டில் புதுச் சட்டங்கள் வந்தன. தொட்டிக்குக் கிட்டச் செம்புப் பாத்திரம் வரக் கூடாது. செம்பு பட்ட தண்ணீர் முள்ளனுக்கு நஞ்சாம். சவர்க்காரக் கை படக் கூடாது. நல்ல தண்ணீர் ஒரு சொட்டும் விழக் கூடாது.

"கடல் சாமானுக்குக் கடல் தண்ணிதான்" என்று எங்கள் வீட்டுக்காரர் நாளுக்கு நாலு தரம் சொல்வார். நாட்டுக்குச் சட்டம் போடுகிறவர்கள்கூட இவ்வளவு கண்டிப்பாகப் பேசி நான் கேட்டதில்லை.

கரைக்குள் தேங்கி நிற்கிற களப்புத் தண்ணீரும் சரிவராதாம். அது மழைக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு ஒரு மாதிரி. வெளிக்கடல் தண்ணீர்தான் வேண்டும். அதற்கு உடப்பில் இருந்து கணேசன் வருவார். இவருடைய பழைய கூட்டாளி. புத்தளம் சந்தைக்கு மீன் கொண்டு வருகிற வேனில், எங்களுக்கு வெள்ளைக் கேன்களில் கடலைக் கொண்டு வந்து இறக்குவார்.

சாப்பாடு அடுத்த பிரச்சினை. பாறையில் படிகிற பாசிதான் முள்ளனுக்கு உணவு. எங்கள் தொட்டியில் இருந்த பாசியை ஒரு கிழமைக்குள் வழித்துத் துடைத்துவிட்டு மூன்றும் பட்டினி கிடந்தன. முருங்கை இலை போட்டேன், திரும்பியும் பார்க்கவில்லை. முட்டைக்கோவா இலையை அவித்துப் போட்டேன், பிடித்தது. கரட்டை வட்டமாக வெட்டி ஒரு கல்லில் செருகி வைத்தபோது பெரியவன் அதன்மேல் ஏறி உட்கார்ந்து இரவு முழுக்கத் தின்றது. வாய் அடிப்பக்கத்தில் இருப்பதால் சாப்பிடும்போது சாப்பாட்டின் மேலேயே உட்கார வேண்டும். ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற எங்கள் கல்யாண வீட்டுச் சகன் சாப்பாட்டில்கூட இப்படி ஒருவரையும் நான் கண்டதில்லை.

இந்தச் சாதிக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. கிடைத்ததை எல்லாம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரியும். சிப்பித் துண்டு, சங்குத் துண்டு, பாசி நார், எதுவானாலும் சரி. வெளிச்சம் படாமல் மறைத்துக்கொள்ளத்தான் என்று இவர் சொன்னார். ஒருநாள் நான் தைத்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடச் சட்டையின் வெள்ளைப் பொத்தான் தெறித்துத் தொட்டிக்குள் விழுந்தது. அடுத்த நாள் குட்டி அதைத் தலையில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் ஊர்ந்தது. புதுத் தொப்பி போட்டுப் பெருநாள் தொழுகைக்குப் போகிற மாதிரி ஒரு நடை.

எங்கள் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். பொத்தான் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் கை எப்போதும் தொட்டிக்குள்தான். கல்லை நகர்த்துவார், அழுகிய இலையை எடுப்பார், குப்புற விழுந்ததைத் திருப்பி வைப்பார். மத்தியானம் லுஹருக்கு பாங்கு சொல்லும்போதுதான் கையை வெளியே எடுப்பார். விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருக்கும். வெள்ளிக்கிழமைகளில் அடியில் படிந்த அழுக்கோடு ஒரு வாளித் தண்ணீரைக் குழாயால் இழுத்து எடுத்துவிட்டுப் புதுக் கடல் தண்ணீர் ஊற்றுவார். எடுத்த தண்ணீரையும் வீசமாட்டார். மோட்டரோடு இணைத்த ஸ்பொஞ்சைக் கழுவ உதவும் என்று மூடி போட்ட கேன்களில் பின்கட்டில் அடுக்கி வைப்பார்.

காற்று

பிறகு கச்சான் தொடங்கியது. எங்கள் பக்கத்துக் கச்சானைத் தெரியாதவர்களுக்குச் சொல்லி விளங்க வைப்பது கஷ்டம். கொடியில் போட்ட சேலை, கிளிப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடும். உப்பளத்துக்காரர்களுக்கு அது கொண்டாட்டம். அந்தக் காற்றுக்கும் வெயிலுக்கும்தான் பாத்தியில் தண்ணீர் வற்றி உப்பு விளையும்.

தொட்டி இருந்தது யன்னலுக்குப் பக்கத்தில். தண்ணீர் நாளுக்கு ஒரு விரல் அளவு இறங்கியது. இறங்க இறங்க இவர் கடல் தண்ணீரை ஊற்றினார். கணேசனின் கேன்கள் போதவில்லை.

"நானா, கடலையே தூக்கிக் கொண்டு வந்து உங்கட ஹோலுக்குள்ள ஊத்திட்டன். இன்னும் காணாதா?" என்று ஒருநாள் கணேசன் கேட்டார். "இந்த வேகத்துல போனா எங்கட தோணியெல்லாம் தரை தட்டும். பிறகு ஊர்ச் சனம் உங்களைத் தேடித்தான் வரும்."

தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ படியும். தினமும் ஈரத்துணியால் துடைப்பேன். துடைத்த இடத்தில் அடுத்த நாளும் படிந்திருக்கும். நான் உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவள். அந்த வெள்ளை என்ன என்று நாக்கில் வைக்காமலே சொல்லக்கூடியவள். துடைத்தேனே தவிர, அது ஏன் அங்கே படிகிறது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

அப்போதுதான் முள் விழத் தொடங்கியது.

பற்பசை

முதலில் பெரியவன். பிறகு நடுவான். குட்டி மட்டும் பொத்தானைக் கீழே போட்டுவிட்டு ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. கரட் தொடப்படாமல் ஊறிக் கிடந்தது.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். யன்னலைச் சாத்திப் பார்த்தோம், திறந்து பார்த்தோம். மோட்டரைக் கழுவினோம். இவர் இன்னும் இன்னும் கடல் தண்ணீர் ஊற்றினார்.

ஒரு பின்னேரம் கிணற்றடிப் பக்கம் போனேன். எங்கள் வீட்டுக்காரர் கல்லில் உட்கார்ந்து எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். மாஸ்க். பற்பசை பூசி, விரலால் வட்டம் வட்டமாகத் தேய்த்து, கண்ணாடியைப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தார். கடலுக்குள் கண்ணாடியில் ஆவி படிந்து மங்காமல் இருக்க, இறங்குவதற்கு முன்னால் செய்கிற வேலை அது.

என்னைக் கண்டதும், "சும்மாதான் கழுவினன்" என்றார்.

"சும்மா கழுவுறதுக்குப் பற்பசையா?"

திரும்பவும் தேய்க்கத் தொடங்கினார். நான் சண்டை பிடித்திருக்கலாம். ஆனால் சொல்லுன்னா சொல்லு என்று நானும்தானே ஒப்புக்கொண்டேன். உள்ளே வந்து மெஷினில் உட்கார்ந்து ஓர் அபாயாவின் ஒரே கையைத் தவறுதலாக இரண்டு தரம் தைத்தேன். அந்த அபாயாவை வாங்க வந்த பெண் என்னைப் பார்த்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டாள்.

பயம்தான். வேறு பெயர் வைக்க ஒன்றும் இல்லை. ஒரு முள்ளுருண்டை செத்தால் என் புருஷன் சாகக்கூடும் என்ற பயம். இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

அந்த நாட்களில்தான் மாமி மகனுக்குப் பக்கத்தில் கோப்பை வைப்பதை நிறுத்தினார். கவனித்தேன். பாவம், அலுத்துப்போய்விட்டார் என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்க எனக்கு மனம் இருக்கவில்லை.

பிறகு, எப்படி என்று தெரியாமலே, முள் விழுவது குறைந்தது. ஒரு வெள்ளிக்கிழமை போய் அடுத்த வெள்ளிக்கிழமை வந்தபோது மணலில் புது முள் இல்லை. பெரியவன் மெதுவாகக் கண்ணாடியில் ஏறியது. நடுவான் கோவா இலையைத் தேடிப் போனது. கரட்டில் வட்டமாகக் கடித்த அடையாளம் தெரிந்தது.

"கல்லை மாத்தி வச்சன், அதுதான்" என்றார் இவர்.

"நான் கரட்டை மெல்லிசா வெட்டினன், அதுதான்" என்றேன் நான்.

"தண்ணியும் முந்தி மாதிரி குறையிறது இல்ல. காத்து தணிஞ்சிட்டுப் போல" என்றார்.

வெளியே கொடியில் என் சேலை கிழிந்துபோகிற மாதிரி படபடத்துக்கொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

இருட்டில் நடந்த மணிகள்

ஒருநாள் அந்தியில் மஹ்ரிபுக்கு பாங்கு சொல்லி முடிந்த கையோடு கரண்ட் போனது. மோட்டர் நின்றது. தொட்டிக்கு மேலே எரிந்த லைட்டும் அணைந்தது. மெழுகுவர்த்தி எடுக்க ஹோலுக்குள் காலை வைத்தேன்.

தொட்டிக்குள் பச்சை வெளிச்சம் நடந்துகொண்டிருந்தது.

சின்னச் சின்னப் புள்ளிகள். கண்ணாடியின் அந்தப் பக்கம் மெதுவாக மேலே ஏறின. சற்று நின்றன. பிறகு பக்கவாட்டில் நகர்ந்தன. பச்சை என்றால் சாதாரணப் பச்சை இல்லை.

"யா அல்லாஹ்! மாமி! தொட்டிக்குள்ள ஜின்!" என்று கத்தினேன். இவர் ஊன்றுகோலையும் விட்டுவிட்டு அறையில் இருந்து ஓடி வந்தார். அவர் ஓடக்கூடியவர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாமி தொழுது ஸலாம் கொடுத்துவிட்டு, முஸல்லா விரிப்பில் இருந்தபடியே, கொஞ்சமும் பதறாமல் சொன்னார்.

"ஜின்னும் இல்ல, ஒண்டும் இல்ல. அது என்ட தஸ்பீஹ்."

மக்காவுக்குப் போன ஒருவர் கொண்டுவந்து கொடுத்த தஸ்பீஹ் அது. பகலில் பால் நிறமாக இருக்கும், இருட்டில் பச்சையாக ஒளிரும். பகல் வெளிச்சத்தில் குட்டியின் தலையில் சிப்பித் துண்டுகளோடு கலந்திருந்ததால் எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை. பொத்தானைப் போட்டுவிட்டு அது மணிக்கு மாறியிருக்கிறது.

"தஸ்பீஹ் எப்பிடி உம்மா தொட்டிக்குள்ள போச்சு?"

"நூல் அறுந்து விழுந்திச்சு. பொறுக்கினது போக மிச்சம் உள்ளுக்க போயிட்டு."

"நீங்க அந்தத் தொட்டிக்கு மேல என்ன செஞ்சீங்க?"

மாமி முஸல்லாவை மடித்தார். அந்தத் துணியை அவ்வளவு நேரம் எடுத்து மடித்து நான் கண்டதில்லை.

"குறைஞ்ச அளவுக்கு ஓதின தண்ணி ஊத்தினன்."

"எப்ப?"

"ஒவ்வொரு நாளும்தான். நீ சுபஹுக்குப் பள்ளிவாசலுக்குப் போற நேரம்."

"நல்ல தண்ணியா? அல்லாவே!" என்று இவர் தலையில் கையை வைத்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"செம்புல ஊத்தல்ல மகன்" என்றார் மாமி, தன் பக்க நியாயமாக. "பிளாஸ்டிக் கோப்பையிலதான் அள்ளி அள்ளி ஊத்தினன். கையில சவுக்காரமும் இல்ல."

வாப்பாவின் கண்ணாடிக் குழாய்

விடிந்ததும் என் வாப்பாவை வரவழைத்தோம். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. உப்பளத்தில் வேலை செய்த காலத்துக் கண்ணாடிக் குழாய் ஒன்று அவரிடம் இருந்தது. அதைத் தண்ணீரில் மிதக்க விட்டால், உப்பு கூடக் கூட உயர நிற்கும்.

முதலில் கணேசன் கொண்டு வந்த கேனில் விட்டார். பிறகு தொட்டித் தண்ணீரில் விட்டார். இரண்டிலும் ஒரே கோட்டில் நின்றது.

இவர் நம்பவில்லை. "நல்ல தண்ணி ஊத்தியும் எப்பிடி மாமா கடல் மாதிரியே நிக்குது?" என்று கேட்டார்.

வாப்பா எழுந்து பின்கட்டுக்குப் போனார். முள் விழுந்த நாட்களில் எடுத்து மூடி வைத்த கேன் ஒன்றைத் திறந்து குழாயை விட்டார். குழாய் துள்ளிக்கொண்டு மேலே நின்றது.

அவர் சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும் வரைக்கும் சிரித்தார்.

"கடல் தண்ணி வத்தினா தண்ணி மட்டும்தானே போகும்? உப்பு எங்க போற? அதுக்கு மேல இன்னும் கடல் தண்ணி, இன்னும் கடல் தண்ணி எண்டு ஊத்திரிக்கிறீங்க. உப்பளத்துக்காரன்ட மகள் ஹோலுக்குள்ள பாத்தி கட்டிரிக்கிறா! இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா முள்ளனோட உப்பும் வாரிரிக்கலாம்."

எனக்கு மூக்கு உடைந்தது. காற்று, வெயில், விளிம்பில் படிந்த வெள்ளை. என் வாழ்நாள் முழுக்கப் பார்த்த காரியம். பாத்தி கண்ணாடியில் இருந்ததால் அடையாளம் தெரியவில்லை போலும். இவரோ கடலுக்குள்ளேயே கிடந்தவர். அங்கே தண்ணீர் வற்றி அவர் எங்கே கண்டார்?

வற்றிய அளவுக்கு நாள்தோறும் நல்ல தண்ணீர் ஊற்றியிருக்கிறார் மாமி. வெள்ளிக்கிழமை மாற்றிய தண்ணீர் மிச்சத்தைச் சரிசெய்திருக்கிறது.

"மாமிதான் காப்பாத்தினா" என்றேன்.

"நானில்ல, அல்லாஹ்" என்று திருத்தினார் மாமி.

இவர் சிரித்தபடி கேட்டார். "முள்ளனுக்கு என்ன உம்மா ஓதினீங்க?"

"முள்ளனுக்கு நான் என்னத்துக்கு ஓதுற?" என்றார் மாமி. "உனக்குத்தான் ஓதினன். கோப்பையில வச்சா நீ குடிக்க மாட்டாய். நாள் முழுக்கக் கையை விட்டுக்கொண்டு இரிக்கிறது அந்தத் தண்ணிக்குள்ளதானே. எப்பிடியும் உன்ட மேல படட்டும் எண்டு ஊத்தினன்."

வாப்பா சிரிப்பதை நிறுத்தினார். குழாயைத் துடைத்து உறைக்குள் போட்டுக்கொண்டு, கடையில் வேலை இருக்கிறது என்று எழுந்து போனார். அவருக்குக் கடையே கிடையாது.

எங்கள் வீட்டுக்காரர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடல் தெளிந்தது

கச்சான் ஓய்ந்தது. கடல் தெளிந்துவிட்டது என்று முதலில் வந்து சொன்னவர் கணேசன். இரண்டு நாளில் கூட்டாளிகளின் லொறி வாசலில் வந்து ஹோர்ன் அடித்தது. நான் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தேன். மாமி குசினியில் தண்ணீர்க் குழாயை மூடினார்.

இவர் அறைக்குள் போனார். மாஸ்க்கோடு வந்தார். ஊன்றுகோலைத் தட்டித் தட்டி வாசலுக்கு நடந்தார்.

"நானா, வாறீங்களா?" என்று லொறிக்குள் இருந்து ஒரு குரல் கேட்டது.

"மூணும் உசிரோட இரிக்கு" என்றார் இவர்.

அவர்களுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. மாஸ்க்கை லொறி யன்னலால் உள்ளே நீட்டினார். "கண்ணாடி கழுவித்தான் இரிக்கு. கவனமாப் பாவியுங்க. மேல வரக்குள்ள அவசரப்படாதீங்க, மெதுவா வாங்க" என்றார். லொறி திரும்பும் வரைக்கும் வாசலிலேயே நின்றார். நான் எழுந்து போகவில்லை. அந்த நேரம் அவருக்கு உரியது என்று தோன்றியது.

அடுத்த நாள் சுபஹுக்குப் பிறகு மாமி பழக்கப்படி பிளாஸ்டிக் கோப்பையோடு ஹோலுக்கு வந்தார். இப்போது ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. அறுந்த தஸ்பீஹைப் புது நூலில் கோத்திருந்தார். குட்டியிடம் இருந்த மணிகளைக் கேட்கவில்லை. "அதுவும் ஓதட்டும்" என்று விட்டுவிட்டார்.

இவர் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கல் நகர்த்த இல்லை, இலை எடுக்க இல்லை. சும்மா, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டு, கையைத் தொட்டிக்கு மேலே நீட்டி வைத்திருந்தார்.

"ஊத்துங்க உம்மா" என்றார்.

மாமி மகனின் கைக்கு மேலே கோப்பையைச் சரித்தார். தண்ணீர் முழங்கையில் விழுந்து, விரல் வழியாக வடிந்து, முள்ளன்களுக்குப் போனது.